பிடித்துக்கொண்ட கழுத்து

வருகிறவர்களிடமெல்லாம் "தலைய ஆட்டாதீங்க" என்று சொல்லித் தன் தலையைச் சாய்த்துக் குனிந்தே பல் டாக்டர் செல்வினின் கழுத்து ஒருபக்கமாக இறுகிப் போயிருந்தது. அவரோடு பேச்சை முறித்துக்கொண்ட மச்சான் அற்புதராஜ், ஊரில் வேறு பல் டாக்டர் இல்லாத கொடுமையால் வந்து படுத்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பஞ்சைத் திணித்து, "இப்பத் திட்டும் பாப்போம்" என்ற செல்வினால் நிமிர முடியவில்லை. மூக்கோடு மூக்கு உரச, கழுத்து பிடித்துக்கொண்டது.

அற்புதராஜ் பஞ்சைத் துப்பினார். "எங்கம்மா சாவுல என்னப் பாத்ததும் மூஞ்சத் திருப்புன கழுத்துல்லா இது?"

"நான் எங்க வே திருப்புனேன்? அன்னிக்கும் இப்படித்தான் பிடிச்சுக் கெடந்துச்சு."

"அத அன்னிக்கே சொன்னா கொறஞ்சா போயிருவீரு?"

அற்புதராஜின் இரண்டு கைகளும் உயர்ந்து அந்தக் கழுத்தைப் பற்றின.

"மச்சான், மெதுவா" என்றார் செல்வின்.

கட்டைவிரல்கள் பிடித்துக்கொண்ட இடத்தைத் தேடி, நீவியபடி அழுந்தத் தொடங்கின.