மேடில்லாத பாதை

நாய்கள், சாக்கடை, பூட்டிய கேட். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் இந்த வாரம் தேடிப்போன மூன்று பாதைகளும் இப்படித்தான் முடிந்தன. நாலாவதாவது உருப்படியாக அமைய வேண்டுமே என்ற கவலையோடு, வேலை முடிந்த கையோடு சைக்கிளை மிதித்து வாய்க்கால் கரையில் ஏறினார்.

மற்ற வாரங்களில் இவ்வளவு அலைச்சல் கிடையாது. வாரம் முழுக்க லிஃப்டோடு மேலும் கீழும் போய் வருகிற மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஊரைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுவதுதான் ஒரே சந்தோஷம். மேடோ பள்ளமோ, விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டே வந்து சேருவார்கள்.

செவ்வாய்க்கிழமை மகளிடமிருந்து போன் வந்தது. அவர் அப்போது ஒரு பெரிய கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் இருந்தார்.

"அப்பா, இந்த வாரம் அம்மாவும் வர்றாங்க."

கையிலிருந்த ஸ்பானர் நழுவியது. "யாரு, உங்கம்மாவா?" என்றார், அவளுக்கு வேறு நாலைந்து அம்மா இருப்பது போல.

"ஆமாப்பா. மேடே இல்லாத பாதையா பாரு, நிழல் இருக்கணும். அம்மாவோட பழைய சைக்கிள், உன்னுது, என்னுது, மூணும் ரெடியா இருக்கட்டும். அப்புறம்... வழியை ஒரு பேப்பர்ல வரைஞ்சு வச்சிடு."

"நான்தான் முன்னாடி போகப்போறேனே, எதுக்குடி படம்?"

மகளின் குரல் இறங்கியது. "அம்மா கேட்டாங்கப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருமுனைக் கடைக்குப் போகச் சொன்னாலும் இடமா வலமா என்று நாலு தடவை கேட்பவள்தானே! அந்தக் குணம் இன்னும் மாறாமல் இருப்பதே அவருக்கு இனித்தது.

பிரிந்துபோன இந்த மூன்று வருடத்தில் அவள் அவர் வாசலை மிதித்ததில்லை. மகளைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் தானாகச் சைக்கிள் ஓட்ட வருகிறாள் என்றால் என்ன அர்த்தம்? அதற்கு வக்கீல் வைத்தா விளக்கம் கேட்க வேண்டும்?

வாய்க்கால் கரை அவரை ஏமாற்றவில்லை. நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. இரண்டு பக்கமும் மரங்கள், பக்கத்தில் சலசலவென்று கொஞ்சம் தண்ணீர். மூன்று பேர் அருகருகே பேசிக்கொண்டே போகலாம்.

மறுநாள் அரிவாளோடு போய் நீட்டிக்கொண்டிருந்த முள்ளையெல்லாம் வெட்டினார். வழியில் கிடந்த ஒரு குழியைச் செங்கல் துண்டு போட்டு மூடினார். கூட வேலை செய்கிறவன் அவருடைய புதுச் சட்டையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, முகத்துல மாப்பிள்ளைக் களை சொட்டுது?" என்றான்.

"போடா, போய் வேலையப் பாரு," என்றார். ஆனால் அன்று முழுக்க வாய் நிறையச் சிரிப்பு.

அவள் விட்டுப்போன நீலநிறச் சைக்கிளை விற்றுத் தொலைக்கும்படி அவருடைய அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை என்று இப்போது தன்னையே மெச்சிக்கொண்டார். செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டை மாற்றி, கூடையிலிருந்த துருவைச் சுரண்டி, துடைத்துத் துடைத்துப் புதுசாக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் மூன்று சைக்கிளையும் வரிசையாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். தெருமுனையில் நிற்கிற வழக்கம் மாறி, கார் நேராக வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. மகள் குதித்து இறங்கினாள். முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டு மனைவியும் இறங்கினாள். வாடகைக் கார் போலிருக்கிறது, ஓட்டி வந்தவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

அவள் நீலச் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தாள். "அப்படியே வச்சிருக்கீங்க," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையே அவருக்குப் போதுமாயிருந்தது. வரைந்து வைத்த தாளை நீட்டினார். எங்கே திரும்ப வேண்டும், எந்த மரத்தடியில் உட்காரலாம், எல்லாம் குறித்திருந்தார்.

"மேடு இருக்குமா?"

"மருந்துக்குக்கூட இல்ல. முள்ளெல்லாம் நானே வெட்டிட்டேன்."

அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "ரொம்பத் தேங்க்ஸ். இவ எல்லா விஷயமும் சொல்லியிருப்பாளே?"

"சொன்னா, சொன்னா," என்றார் அவசரமாக. மகள் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அவர் தன் சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

"காரை எதுக்கு நிறுத்தி வச்சிருக்க? வாடகை ஏறிட்டே இருக்கும். அனுப்பிடு. திரும்பும்போது உங்க ரெண்டு பேரையும் நானே வீட்ல கொண்டுபோய் விடுறேன்."

மனைவி சட்டென்று மகளைப் பார்த்தாள். காரின் டிரைவர் பக்கக் கதவு திறந்தது.

மகள் மெதுவாக அவரருகே வந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே அவருடைய சைக்கிள் சீட்டின் மேல் கையை வைத்தாள்.

"அப்பா, உன் சீட்டைக் கொஞ்சம் ஏத்திக் குடுப்பா. அங்கிள் உன்னைவிட உயரம்."