எதிரே வந்த தடம்

அப்பா படுத்த படுக்கையானதால், ஏழு கோவேறு கழுதைகளில் உப்பு ஏற்றி மலையைக் கடக்கும் பொறுப்பு மூத்த மகளிடம் வந்தது. துணைக்குத் தம்பி மட்டும்.

கணவாய்க் காவல்காரர் அவளை உற்றுப் பார்த்தார். “காலையிலதானேம்மா அந்தப் பக்கத்துலேர்ந்து திரும்பி வந்த?”

“இப்பதாங்க போகவே போறோம்.”

“நீயேதான். இதே ஏழு கழுதை. தனியா அழுதுக்கிட்டே வந்த.”

தம்பி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காவலைத் தாண்டியதும் வந்த பள்ளத்துப் பாலத்தை அவர்கள் கடந்த கையோடு அது இடிந்துவிட்டது; திரும்ப வழியில்லை. இருவர் இடுப்பையும் ஒரே கயிற்றால் கட்டினாள்.

“நான் என்ன கன்னுக்குட்டியா?”

“வாயை மூடிக்கிட்டு வாடா.”

வளைவுக்கு அப்பால், பனியில் குளம்படிகள் அவர்களை நோக்கி வந்திருந்தன. அருகில் ஒரே ஒருத்தியின் காலடிகள். அவற்றை ஒட்டியே ஒரு கயிறு இழுபட்டு வந்த கோடு.