ஏழாவது கேள்வி

ஏழாவது கேள்வியில் அவள் பேனா நின்றது.

‘உங்களை இந்த நிறுவனத்தில் சேர்த்துவிட்டவர் யார்?’

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. கல்யாண மண்டபம். நேற்று யாருக்கோ முகூர்த்தம் நடந்திருக்க வேண்டும். மேடையில் மணமக்கள் பெயர் தெர்மாகோலில் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதன் கீழே மூன்று மேசைகளைப் போட்டு, போலீஸார் புகார் மனுக்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பணம் போட்டு ஏமாந்தவர்கள் அத்தனை பேரையும் உட்காரவைக்க ஊரில் வேறு இடம் இல்லை.

அவள் எழுதினாள்.

தெய்வானை.

அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

தெய்வானை பக்கத்து ஊர்ப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். அவளும் தன் ஊரில் அமைப்பாளர்தான். மாதக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக.

காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்று அவள் தெய்வானைக்குப் போன் செய்தாள். சேர்ந்தே போய்ப் புகார் கொடுத்துவிடலாம் என்று.

“எனக்கு அங்க என்ன வேல அம்மிணி? நாந்தான் மாசியிலயே முழுசா எடுத்துட்டனே.”

குரலில் ஒளிவு இல்லை. பால்காரனுக்குக் காசு கொடுத்தாயிற்று என்பதைப் போலச் சொன்னாள்.

கம்பெனி மூடியது சித்திரையில்.

நடுவில், பங்குனியில், தெய்வானை அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவதைப் பாதியில் வைத்தாள். பேச்சு முழுக்க மருமகளைப் பற்றி.

தெய்வானை சொன்னதற்காக அவள் கண்ணை மூடிக்கொண்டு பணம் போட்டவள் இல்லை.

முதலில் பத்தாயிரம் மட்டும். ஆழம் பார்க்க. ஆறு மாதம் காத்திருந்தாள். ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி, எண்ணூறு ரூபாய் வந்து விழுந்தது. பேங்கில் ஒரு வருடம் கிடந்தாலும் அவ்வளவு வராது.

அவளுடைய பணத்தைத்தான் அவளுக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறார்கள். அது இப்போது தெரிகிறது.

அப்போது நம்பிக்கை வந்தது. லாரி விபத்தில் கணவன் போனபோது கிடைத்த பணத்தை டெபாசிட்டிலிருந்து முறித்து எடுத்தாள். கவுன்ட்டரில் இருந்த பெண், “நல்லா யோசிச்சீங்களாம்மா?” என்று கேட்டாள். மகன் வீடு கட்டுகிறான் என்று பதில் சொன்னாள்.

அவளுக்கு மகன் இல்லை.

எட்டாவது கேள்வி. ‘சேர்த்துவிட்டவருக்கு உங்கள் பணத்திலிருந்து கமிஷன் கிடைத்ததா? எவ்வளவு?’

ஆம். மாதம் இரண்டு சதவீதம்.

யோசிக்காமல் எழுதினாள்.

அது உனக்கு எப்படித் தெரியும் என்று தாளில் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தாள்.

“டீச்சர், எனக்கும் எழுதிக் குடுத்துருங்.”

பாப்பாத்தி. அவளுடைய சத்துணவு மையத்தில் சமையல் உதவியாள்; அமைப்பாளரையும் டீச்சர் என்றே கூப்பிடுவாள். படிவம் காற்றில் பறந்துவிடுமென்று இவ்வளவு நேரம் இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்தபடி அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பாப்பாத்திக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். மற்ற எதுவானாலும் டீச்சர்தான் எழுதுவாள். ரேஷன் கார்டு மனு. லீவு லெட்டர்.

கம்பெனியில் சேர்ந்த விண்ணப்பமும்.

அவள் படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

பெயர். கணவர் பெயர். ஊர். கட்டிய தொகை. கட்டிய நாள். அந்த நாள் அவளுக்கு மறக்கவில்லை. பாப்பாத்தி தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல வந்திருந்தாள்.

ஆறாவது, பணம் எதற்காகச் சேர்த்தது.

“கூரைக்குங் டீச்சர். ஓட்ட எடுத்துப்போட்டு காங்கிரீட்டு போடலாம்னு. அதான் உங்களுக்குத் தெரியுமே.”

தெரியும். எழுதினாள்.

ஏழாவது.

பேனா நின்றது.

மாதாமாதம் ஐந்தாம் தேதி அவள் கணக்கில் இரண்டு தொகைகள் விழும். ஒன்று பெரியது. இன்னொன்று சின்னது. சின்னதைப் பற்றி அவள் பாப்பாத்தியிடம் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை.

பாப்பாத்தி கேட்டதில்லை.

“என்ன கேட்டிருக்குதுங் டீச்சர்?”

“யார் சேத்துவுட்டதுன்னு.”

பாப்பாத்தி தாளைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அழுத முகம். பாப்பாத்தியின் கை மெல்ல வந்து அவள் முழங்கை மேல் விழுந்தது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்த கை.

“அந்தத் தெய்வானையம்மா பேரவே போட்டுருங் டீச்சர். உங்களக் கெடுத்தவதான என்னையும் கெடுத்தா?”

மேடையிலிருந்து ஒரு போலீஸ்காரர், எழுதி முடித்தவர்கள் வரலாம் என்று கூப்பிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன.

அவள் பேனாவை உதறினாள். தாளின் ஓரத்தில் கிறுக்குவதுபோல் காட்டினாள்.

“பேனா எழுதல, பாப்பாத்தி.”

விரலில் மை ஈரமாக இருந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“அட, எங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்.”

பாப்பாத்தி மஞ்சள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு பேனா. சேர்ந்த அன்றைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் கொடுத்தது. பக்கவாட்டில் பொன்னிற எழுத்தில் கம்பெனியின் பெயர். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

பாப்பாத்தி பல்லால் உறையைக் கிழித்தாள். மூடியைக் கழற்றி நீட்டினாள்.

அவள் அதன் முனையைத் தாளில் வைத்தாள்.

முதல் கோட்டிலேயே எழுதியது.