எதிர்வீட்டு டிரோன்

ராணுவத்துக்கு ஆளில்லா விமானம் செய்வோருக்கு அரசு நிதி தருகிறது என்றதும், எதிர்வீட்டு அண்ணன் முதல் ஆளாக விண்ணப்பித்தார். டிரோனைச் செய்தது என்னவோ, போன மாதம் இறந்துபோன அவர் தங்கை புருஷன்.

"விண்ணப்பத்துல அவர் பேரையும் சேத்துக்குங்கண்ணா" என்று தங்கை கெஞ்சியது என் சமையலறை வரை கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, ஜன்னல் திறந்திருந்தது.

"செத்தவனுக்கு எதுக்கு பேரு? போய் வேலையப் பாரு."

மைதானத்தில் அதிகாரிகள் முன்னிலையில் சோதனை. வேலிக்கு வெளியே நானும் நின்றேன். டிரோன் தேட வேண்டியது ஒரு வைக்கோல் பொம்மையை. அது அண்ணனின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. பிடித்து இறக்கி, பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது மறுபடி எழும்பியது. அதிகாரிகள் காரில் ஏறினார்கள். நிதி போயே போச்சு.

இப்போது அது அவர் அறை ஜன்னலை விட்டு அசைவதில்லை. இன்று காலை தங்கை கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எறங்கச் சொல்லும்மா! நீ சொன்னா கேக்கும்!" என்று அண்ணன் உள்ளிருந்து கத்தினார்.

"கேக்கும்ணா." புருஷன் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "நான் சொல்லணுமே."