கடுகுக்குள் விழுந்த குண்டு

வெளியே பனியில் பட்ட வெயில் கனடாவின் ஸ்காபரோ வீட்டுச் சமையலறைச் சுவரெங்கும் துள்ளுகிறது. கையால் சுற்றித் துளையிடும் பழைய துறப்பணத்தைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டுகிறாள் குணவதி. அதன் சில்லுக்குள் உருளும் குண்டுமணிகளில் கடைசி இரும்புக் குண்டு விரலில் வழுக்கி, பக்கத்தில் கணவர் சச்சிதானந்தன் கல் பார்த்துக்கொண்டிருக்கும் கடுகுச் சுளகுக்குள் விழுகிறது. இரண்டும் ஒரே பருமன், ஒரே கறுப்பு. அது இல்லாவிட்டால் சில்லு சுற்றாது. அந்த அளவுக் குண்டு இப்போது எந்தக் கடையிலும் இல்லை. "இஞ்சாருங்கோ, ஆடாதேங்கோ," என்கிறாள். "மூச்சு விடலாமோ?" "மெல்ல விடுங்கோ." குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் பிள்ளையார் காந்தத்தைப் பிடுங்கிவந்து கடுகின் மேல் வரிவரியாக இழுக்கிறாள். நான்காம் வரியில் 'டிக்' என்கிறது. பிள்ளையாரின் முதுகில் ஒற்றைக் குண்டு. பூட்டிச் சுற்றியதும் சில்லு கிர்ரென்று பாடுகிறது. அவர் கடுகை விட்டுவிட்டுக் கையை நீட்டுகிறார். "ஒருக்கால் தாருமப்பா." "பொறுங்கோ, நான் இன்னும் சுத்தி முடிக்கேல்லை."