திருத்தமே போடாத பத்திரிகை

"பன்னிரண்டு வருஷத்துல ஒரு திருத்தம்கூடப் போட்டதில்லையா?" உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு அரசு நிதியுதவி வழங்கும் அதிகாரி, விண்ணப்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல சார். எங்க பேப்பர்ல அச்சேறினா ஏறினதுதான்!" வாரப் பத்திரிகையின் ஆசிரியர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"தப்புன்னு யாராவது சொன்னா?"

"சொல்வாங்க சார். ஒருத்தர் போன்ல மூணு தடவை கெஞ்சினார். நான் அசைஞ்சே கொடுக்கல. ஒண்ணைத் திருத்தினா மொத்தப் பேப்பரையும் சந்தேகப்படுவாங்களே!"

"அப்போ, இதுவரைக்கும் வந்த செய்தியெல்லாம் உண்மைன்னு எழுதிக் கொடுங்க."

ஆசிரியர் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். "இன்னைக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள உங்க கையெழுத்து விழலைன்னா, பத்திரிகையை இழுத்து மூட வேண்டியதுதான் சார்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். பிறகு மூடிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து பழுத்துப்போன ஓர் இதழை எடுத்து விரித்தார். மூன்றாம் பக்கத்தில், 'காலமானார்' என்ற தலைப்பின் கீழ் ஒரு புகைப்படம்.

ஆசிரியர் படத்தைப் பார்த்தார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். அதே முகம்.

"இதைப் பார்த்துட்டு விழுந்த எங்கம்மா இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கல. போன்ல கெஞ்சினது நான்தான்."

"சார்... அடுத்த இதழ்லயே திருத்தம் போட்டுடறேன்!"

"எதுக்கு? அச்சேறினா ஏறினதுதானே?" எழுதிக் கொடுத்த தாளைத் தட்டிக் காட்டினார் அதிகாரி. "செத்தவன் எப்படிங்க கையெழுத்துப் போடுவான்?"