சோபாவுக்கு அடியில் மூன்று பேர்

ஒரு வீட்டில் ஜிமிக்கி என்கிற பொமரேனியன் நாயும் சுண்டல் என்கிற குட்டைக்கால் டாஷ்ஹண்ட் நாயும் இருந்தார்கள். அங்கே புதிதாக வந்து சேர்ந்தான் கஜா. பாக்சர் இனம், வயது ஒன்றுகூட ஆகவில்லை, அதற்குள் கன்றுக்குட்டி உயரம்.

மறுநாள் காலை சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. உருவத்தில் சின்னவர்கள் இருவரும் வழக்கம்போல் சோபாவுக்கு அடியில் பாய்ந்தார்கள். பின்னாலேயே கஜாவும் ஓடிவந்து தலையை நுழைத்தான். கழுத்துக்குப் பின்னால் இருந்ததெல்லாம் வெளியே நடுங்கிக்கொண்டிருந்தது.

ஜிமிக்கிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இத்தனை பெரிய உடம்புக்கு என்ன பயம்?

"எதுக்குடா தம்பி ஓடி வந்தே?"

"நீங்க ஓடினீங்கக்கா, அதான். அந்தச் சத்தம் நம்மள என்ன பண்ணும்?"

ஜிமிக்கி யோசித்துப் பார்த்தாள். பிறகு சுண்டலிடம் திரும்பினாள். "ஆமா, நாம எதுக்கு ஓடறோம்?"

"என்னைக் கேட்டா? நாலு வருஷமா நீ ஓடறதைப் பார்த்துத்தானே நான் ஓடறேன்."

"நானும் நீ ஓடறதைப் பார்த்துத்தானே ஓடறேன்."

"அப்ப ஒருதடவை நின்னுதான் பார்ப்போமே" என்றான் கஜா.

அந்த நேரம் பார்த்து அடுத்த விசில் அடித்தது.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்ற ஜிமிக்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு அவனுக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.